முதல் சிலைட்டில் ஒரு சுவர்

1

இந்தச் சித்திரையோடு நாங்கள் நோர்வேக்கு வந்து பத்து வருடமாகிறது. அதைக் கொண்டாடுவதற்காக என் கணவர் தான் வேலை செய்யும் மீன் தொழிற்சாலையிலிருந்து ஒரு பெரிய மீன்தலையைக் கொண்டுவந்தார். இங்கே உடலை மட்டும் ஏற்றுமதி செய்துவிட்டுத் தலையைக் கழிவென்று தள்ளிவிடுவார்கள். கேட்டால் சும்மா தருவார்கள். நான் அதற்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தபோது நகரசபையிலிருந்து கடிதம் வந்தது. ஈரக் கையோடேயே உடைத்து வாசித்தேன்.

இந்தச் சிறிய துறைமுக நகரத்தின் பள்ளிக்கூடம் ஒன்றில், வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க ஒரு துணை ஆசிரியை தேவை என்று விளம்பரம் வந்திருந்தது. நான் விண்ணப்பித்திருந்தேன். இப்போது நேர்முகத்துக்கு அழைத்திருந்தார்கள். எனக்கு நன்றாகத் தெரிந்த ஓர் இடத்தைப் பிள்ளைகளுக்கு அறிமுகம் செய்வதுபோல் பத்து நிமிடம் பேச வேண்டும். சிலைட் காட்டிப் பேசுவது விரும்பத்தக்கது என்று கடைசி வரியில் இருந்தது.

திருகோணமலையில் நான் புவியியல் படிப்பித்தவள். இங்கே முதியோர் இல்லத்தில் படுக்கை விரிப்புகள் தோய்க்கிறேன். தோய்ப்பது குறைவான வேலை என்று நான் சொல்லவில்லை. சூடு ஆறாத விரிப்பை மடிக்கும்போது மனதுக்கு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் விரிப்பு கேள்வி கேட்காது. பின்வரிசை வாங்கில் இருந்து ஒருத்தி கையை உயர்த்தி, "ரீச்சர், அது ஏன் அப்பிடி?" என்று கேட்பதைக் கேட்காமல் பத்து வருடம் இருந்துவிட்டேன். அந்தக் குரல் திரும்பவும் வேண்டும் என்றுதான் இந்த வேலைக்கு ஆசைப்பட்டேன். வேறு காரணம் இல்லை.

ஆசைப்பட்டால் மட்டும் போதாது. என் ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழை இவர்கள் ஏற்க வேண்டும். ஒவ்வொரு பாடத்தையும் எத்தனை மணித்தியாலம் படித்தேன் என்று கலாசாலை முத்திரையோடு உறுதிப்படுத்தச் சொன்னார்கள். சமாதானம் என்று சொல்லப்பட்ட காலம் முடிந்து ஊரில் சண்டை திரும்பவும் தொடங்கியிருக்கிறது, கலாசாலைப் பக்கம் யாரும் போவதில்லை, ஷெல் விழுகிறது என்று விளக்கினேன். அலுவலகத்துப் பெண் மிகுந்த அனுதாபத்தோடு கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்படியானால் முத்திரை வரக் கொஞ்சம் தாமதமாகும், அப்படித்தானே?" என்றாள். நானும் ஓமென்று தலையாட்டிவிட்டு வந்தேன். துணை ஆசிரியை என்றால் முத்திரை இல்லாமலும் எடுப்பார்களாம். மிச்சமெல்லாம் அந்தப் பத்து நிமிடத்தின் கையில் இருந்தது.

2

எனக்கு ஒரே மகள். கோணேசர் கோயில் அம்மனின் பெயரை ஆசையாக வைத்தோம்: மாதுமை. பள்ளிக்கூடத்தில் அவள் மாயா. யாரும் மாற்றவில்லை, தானாகவே மாற்றிக்கொண்டாள். பதினான்கு வயதாகிறது. நான் தமிழில் கேட்பேன், அவள் நோர்வே மொழியில் பதில் சொல்வாள். இரண்டு பேரும் அவரவர் கரையில் நின்று கத்திக்கொள்வது எங்கள் வீட்டில் வழக்கமாகிவிட்டது. ஊரைப் பற்றி அவள் ஒரு நாளும் ஒன்றும் கேட்டதில்லை. நாங்கள் கதைக்கத் தொடங்கினால் காதில் வயரை மாட்டிக்கொள்வாள்.

ஆனால் கணினி அவளுடையது. அதனால் முதல் சிலைட்டை அவளுக்குத்தான் காட்ட வேண்டியிருந்தது. இரண்டு பின்னேரம் இருந்து செய்திருந்தேன். மேலே நடுவில் பிள்ளையார் சுழி. இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. கீழே வணக்கம். அதற்குக் கீழே அதிபர் அவர்களுக்கும், நகரசபை அலுவலர் அவர்களுக்கும், மூத்த ஆசிரியர் அவர்களுக்கும் என் பணிவான வந்தனங்கள். பிறகு தலைப்பு, என் முழுப்பெயர், பயிற்றப்பட்ட ஆசிரியை என்ற குறிப்பு, வாய்ப்பளித்தமைக்கு நன்றி. சுற்றிவரப் பூக்கொடி.

மாதுமை கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அம்மா, இது கல்யாணக் காட்."

சிலைட் விஷயத்தில் நான் மாணவி. எனக்கு விளங்க வேண்டும் என்பதற்காக அன்று தமிழிலேயே கதைத்தாள். அதுவே எனக்குப் பெரிய சந்தோஷமாக இருந்ததால் கோபப்படவில்லை.

"கூட்டம் எண்டா மரியாதை இருக்கவேணும் பிள்ளை."

"மரியாதையை வாயால குடுங்கோ. இதை வாசிச்சு முடிக்கவே உங்கட பத்து நிமிசமும் போயிடும்."

எங்கள் ஊரில் கூட்டம் எப்படித் தொடங்கும் என்று உங்களுக்குத் தெரியும். மங்கல விளக்கேற்றல், மௌன இறைவணக்கம், வரவேற்புரை, தலைமையுரை, மாலை. பேச வந்தவர் எழும்பும்போது சபையில் பாதிப்பேர் தேத்தண்ணிக்குப் போயிருப்பார்கள். அந்த ஒழுங்கை அப்படியே ஒரு சிலைட்டுக்குள் அடைத்து வைத்திருந்தேன் என்பது, அவள் சொன்ன பிறகுதான் தெரிந்தது.

"எங்கட ரீச்சர் சொன்னவ," என்று விரலை மடக்கினாள். "முதல் சிலைட்டில ஒரு படம். கூடிப்போனா ஒரு வரி. அதை நீங்கள் வாசிக்கக்கூடாது, அவைக்கும் கண் இருக்கு. பிறகு வாயை மூடிக்கொண்டு கொஞ்சம் நிக்கவேணும்."

"சும்மாவோ?"

"ஓம். சும்மா. பாக்கிறவைக்கு ஒரு கேள்வி வரவேணும். பதிலை முதலே போட்டா ஆர் மிச்சத்தைக் கேப்பினம்?"

எட்டாம் வகுப்பில் படிப்பித்தார்களாம். பயிற்றப்பட்ட ஆசிரியையாகிய நான் ஒரு கடதாசியை எடுத்து எழுதிக்கொண்டேன்.

3

ஒரு படம் என்றால் எந்தப் படம்?

இணையத்தில் எங்கள் ஊர்ப் பெயரைத் தட்டினோம். இரண்டு வகைப் படங்கள் வந்தன. ஒன்றில் நீலக் கடல், தென்னை, வெள்ளைக்காரர் படுத்திருக்கும் சாய்வுக் கதிரை. மற்றதில் எரிந்த பஸ், காவலரண், துவக்கு. இரண்டுக்கும் நடுவில் அந்த ஊரில் சோறு சமைத்து, சைக்கிள் மிதித்து, பள்ளிக்கூடம் போன மனிதர் எவரும் இருந்ததாகவே தெரியவில்லை.

"இது வடிவா இருக்கு," என்று மகள் சாய்வுக் கதிரையைக் காட்டினாள்.

"நான் ஒரு நாளும் அதில படுத்ததில்ல பிள்ளை."

என் கணவர் ஆற்றங்கரை ஊரான வெருகல்காரர். கதவடியில் நின்று, "எங்கட ஆத்தைப் போடுங்கோவன். துறைமுகத்தில என்ன கிடக்கு, உப்புத் தண்ணி," என்றார். அவருடைய வாக்கை நாங்கள் எண்ணிக்கையில் எடுக்கவில்லை.

கடைசியில் நானே ஒரு வரைபடம் கீறினேன். கொட்டியாரக் குடாவையும் உட்துறைமுகத்தையும் எனக்குக் கண்ணை மூடிக்கொண்டு கீறத் தெரியும். வகுப்பில் எத்தனை தரம் கீறியிருப்பேன்! பாடத்திட்டத்தில் இயற்கைத் துறைமுகம் என்று ஒரு பகுதி இருந்தது. உலகத்திலேயே சிறந்த உதாரணம் யன்னலுக்கு வெளியே கிடந்தது. ஆனால் அது கடற்படைத் தளமும்கூட, யன்னலுக்கு வெளியே ரோந்தும் போகும். துறைமுகத்தின் உருவம் கரும்பலகையில் இருப்பதை யாராவது பார்த்து, ஏன், யாருக்கு என்று கேட்டால் என்ன சொல்வது? அதனால் கீறுவேன், விளக்குவேன், பிள்ளைகள் பார்த்தவுடன் அழித்துவிடுவேன். கொப்பியில் கீறவேண்டாம், மனதில் வைத்திருங்கள் என்பேன். பரீட்சையில் எல்லாரும் நன்றாகவே கீறினார்கள்.

மகள் வரைபடத்தைப் பார்த்துக் காலநிலை அறிக்கை போலிருக்கிறது என்றாள். எனக்கும் அது திருப்தியாக இல்லை. வேலைக்குப் போகும் பையில் அதைச் சாப்பாட்டுப் பெட்டிக்கு அடியில் மடித்து வைத்திருந்தேன். இங்கே யாரும் பையைத் திறந்து பார்ப்பதில்லை என்று தெரிந்தும் அப்படித்தான் வைத்தேன்.

பிறகுதான் அந்தப் புத்தி கெட்ட வேலையைச் செய்தேன். தங்கைக்குப் போன் எடுத்தேன். அவள் பெயரை வசந்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். உட்துறைமுக வீதிப் பக்கத்தில், நாங்கள் பிறந்த வீட்டிலேயே இருக்கிறாள்.

"வசந்தி, எனக்கொரு உதவி செய். வீட்டுப் பின்வளவில நிண்டு துறைமுகத்தை ஒரு படம் எடுத்து அனு..."

"அக்கா, லைன் சரியில்ல," என்றாள் சட்டென்று. "மாதுமைக்குக் காய்ச்சல் எண்டீங்கள், சுகமோ?"

மாதுமைக்குக் காய்ச்சல் வந்ததே இல்லை.

"ஓம்... சுகம்," என்றேன்.

"சல்லி அம்மன் கோயில் பொங்கலுக்குப் போனனாங்கள். நல்ல சனம். வைக்கிறன் அக்கா, காசு ஓடுது."

போனை வைத்துவிட்டுக் குசினிக் கதிரையில் இருந்தேன். கன்னத்தில் அறை வாங்கியதுபோல் இருந்தது. யாராவது ஒட்டுக்கேட்கும் போனில் எந்தச் சொல்லைச் சொல்லக்கூடாது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். பிள்ளை ஊரை மறக்கிறாள் என்று பத்து வருடமாகப் புலம்புகிறேன். நான் எவ்வளவு தூரம் வந்துவிட்டேன் என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

4

நேர்முகத்துக்கு இரண்டு நாள் இருக்க, அலுமாரிக்குள்ளிருந்த அல்பத்தை மகள் தானாக எடுத்துவந்தாள். ஏதாவது ஒரு படம் தேறுமா என்று பார்க்கத்தான். தரையில் இருந்து பக்கம் பக்கமாகப் புரட்டினாள்.

"அம்மா, உங்கட ஊரில சுவர் மட்டும்தானோ இருக்கு?"

எட்டிப் பார்த்தேன். உண்மைதான். தங்கை பெரியபிள்ளையான சாமத்தியச் சடங்கு, சுவர். அப்பா வேலையிலிருந்து இளைப்பாறிய நாள், சுவர். மாதுமையின் முதலாவது பிறந்தநாள், கேக், சுவர். கோயில் திருவிழாவுக்குப் போய் எடுத்த படத்திலும் மதில்.

"இதில ஏன் மாலை வாடிக் கிடக்கு? ஏன் ஒருத்தரும் சிரிக்கேல்ல?" அவள் கையில் இருந்தது எங்கள் கல்யாணப் படம். "எல்லாரும் ஒரு பக்கம் கண்ணைச் சுருக்கிப் பாக்கிறீங்கள். முன்னுக்கு என்ன இருந்தது?"

ஊரைப் பற்றி என் மகள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. ரீச்சர், அது ஏன் அப்பிடி என்று கேட்கும் அதே குரல். தண்ணீர் குடித்துவிட்டு வந்து, அவளுக்குப் பக்கத்தில் தரையில் இருந்து சொன்னேன்.

எங்கள் கல்யாணம் வீட்டு வளவில்தான் நடந்தது. வளவின் பின்பக்கம் சரிந்து துறைமுகத்தைப் பார்த்தபடி இருக்கும். படம் எடுக்க அன்ரனி அண்ணர் வந்தார். மாதா கோயிலடியில் ஸ்டூடியோ வைத்திருந்தவர். வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்று எங்களைக் கடலுக்கு முதுகு காட்டி நிற்கவைத்து, ஒரு முழு ரோலையும் எடுத்தார். கல்யாண வீட்டுச் சந்தோஷத்தில் யாரும் யோசிக்கவில்லை. சந்திச் சோதனைச் சாவடியில் கமராவை மறித்தார்கள். என்ன படம் என்று கேட்டார்கள். கல்யாணம் என்றார். எங்கே வைத்து எடுத்தது என்று கேட்டார்கள். அன்ரனி அண்ணருக்குப் பொய் வராது. அந்தப் பெடியன் சிப்பாய் கோபப்படவில்லையாம். மூடியைத் திறந்து, பிலிமை முழுதாக இழுத்து வெயிலுக்குப் பிடித்துவிட்டு, கமராவைத் திருப்பிக் கொடுத்து, போகச் சொன்னானாம்.

மறுநாள் காலை அன்ரனி அண்ணர் அழாக்குறையாக வந்து நின்றார். "தங்கச்சி, திரும்ப உடுங்கோ. இன்னொருக்கா எடுப்பம். நான் காசு வாங்கமாட்டன்." கூறைச்சேலையைத் திரும்பவும் உடுத்தேன். புது மாலைக்கு வழியில்லை. நேற்றைய மாலைக்குத் தண்ணீர் தெளித்தோம். அப்பா கந்தோருக்கு வேலைக்கு வெளிக்கிட்ட காற்சட்டையோடேயே, மேலே சால்வையைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். அன்ரனி அண்ணர் எங்களைப் பிடித்துத் திருப்பினார். "சுவரோட நில்லுங்கோ. எல்லாரும் சுவரோட."

அன்றிலிருந்து எங்கள் பக்கத்தில் எந்தக் கமரா வந்தாலும் யாரும் சொல்லாமலே எல்லாரும் போய்ச் சுவரோடு நிற்பார்கள். குழந்தைகளுக்கும் அது பழகிவிட்டது.

"அப்ப முன்னுக்கு..." என்றாள் மகள்.

"ஓம். முன்னுக்குத் துறைமுகம்."

அவள் படத்தைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தாள். எங்கள் கண்களுக்குள் கப்பல் தெரிகிறதா என்று தேடினாளோ தெரியாது. பிறகு எழும்பி, "இதுதான் அம்மா முதல் சிலைட்," என்றாள்.

5

மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். அதிபரின் பெயர் இங்ரிட். இங்கே எல்லாரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். பத்து வருடமாகியும் என் நாக்கு ஓர் அதிபரைப் பெயர் சொல்லக் கூசுகிறது. பெயரும் சொல்லாமல், மேடமும் சொல்லாமல், தலையைத் தாழ்த்திக் கும்பிட்டேன். என்னைப் பற்றிச் சொல்லும்போது நோர்வே மொழி தடுமாறி, நான் பல வருடம் ஒரு பள்ளிக்கூடமாக இருந்தேன் என்று சொல்லிவிட்டேன். நகரசபை அலுவலர் சிரிப்பை அடக்கிக்கொண்டு குறிப்பு எழுதினார்.

பிறகு சுவர்ப் படத்தைப் போட்டேன். கீழே மகளின் கேள்வியை நோர்வே மொழியில் எழுதியிருந்தோம்: இவர்கள் எதைப் பார்க்கிறார்கள்? அதை நான் வாசிக்கவில்லை. வாயை மூடிக்கொண்டு நின்றேன். அந்தச் சில விநாடிகள் எனக்கு நேர்த்திக்கடன் முடிப்பதுபோல் இருந்தன.

"படம் பிடிப்பவரை," என்றார் அலுவலர்.

"இல்லை, சூரியனை. கண்ணைச் சுருக்குகிறார்கள்," என்றார் மூத்த ஆசிரியர்.

இங்ரிட் முன்னால் சாய்ந்தார். "கல்யாணம், ஆனால் யாரும் சிரிக்கவில்லை. முன்னால் என்னதான் இருந்தது?"

எனக்கு வேண்டியிருந்தது அதுதான். மிச்சச் சிலைட்டுகளுக்கு நான் போகவேயில்லை. பலகையில் குடாவைக் கீறினேன். வெளிக்குடா, அதன் வாய், உள்ளே மடிந்து மடிந்து போகும் துறை, எங்கள் வீடு நின்ற இடத்தில் ஒரு புள்ளி. ஆழம் ஏன், காற்று ஏன் உள்ளே வருவதில்லை, இந்த அழகான தண்ணீரைச் சுற்றி ஏன் ஆட்கள் சுவரைப் பார்க்கப் போகிறார்கள், எல்லாம் சொன்னேன். நாக்கு எங்கே பிழைத்தது என்று நினைவில்லை. நான் வகுப்பில் நின்றேன்.

சொல்லி முடித்தவுடன் என் கை தானாகத் துடைப்பானை எடுத்துப் பலகையை அழிக்கத் தொடங்கியது. கொட்டியாரக் குடாவில் பாதி போய்விட்டது.

"ஐயோ, ஏன் அழிக்கிறீர்கள்?" என்றார் இங்ரிட்.

அப்போதுதான் கையைப் பார்த்தேன். கரும்பலகைக் கதையையும் சொல்ல வேண்டியதாயிற்று. பிறகு இங்ரிட், "திரும்பக் கீறுங்கள். இந்த அறையை நாளைக்குத்தான் துடைப்பார்கள். அதுவரை இருக்கட்டும்," என்றார். கீறிவிட்டு வந்தேன். படிகளில் இறங்கும்போது, துறைமுகத்தை அங்கே திறந்தபடி விட்டுவிட்டு வருகிறேனே என்று ஒரு பயம் இருந்தது. அதோடு சந்தோஷமும் இருந்தது.

6

வேலை கிடைத்தது. ஆவணியில் பள்ளிக்கூடம் தொடங்கிய முதல் நாள், நீலச் சீலை உடுத்துக்கொண்டு வெளிக்கிட்டேன். மகள் என்னைத் துறைமுகக் கரைக்குக் கூட்டிப்போய், "நில்லுங்கோ, ஒரு படம்," என்றாள். நான் போய்ப் பண்டகசாலைச் சுவரோடு நின்றேன்.

"அம்மா! இஞ்சால திரும்புங்கோ. இது நோர்வே."

தோளைப் பிடித்துத் திருப்பினாள். முதுகுக்குப் பின்னால் திறந்த தண்ணீரும் மூன்று கப்பல்களும். வீதியின் இரண்டு பக்கமும் பார்த்தேன். வீதியில் போனவர்கள் யாரும் எங்களைத் திரும்பியும் பார்க்கவில்லை. அவள் எடுத்த படத்தில் நான் சிரிக்கிறேன். பெரிதாக்கி, வசந்திக்குத் தபாலில் அனுப்பினோம்.

ஒரு மாதத்துக்கும் மேலாகி வசந்தியிடமிருந்து போன் வந்தது.

"அக்கா, படம் கிடைச்சுது. நல்ல வடிவா இருக்கிறீங்கள். நீலம் எடுப்பா இருக்கு." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஒண்டு சொன்னா கோவிக்கக்கூடாது."

"சொல்லு."

"உங்களுக்குப் பின்னால நிண்டவையை வெட்டிப்போட்டன் அக்கா. இஞ்ச சோதிக்க வந்தா, அவை எந்த ஊர் ஆக்கள் எண்டு நான் என்னண்டு விளங்கப்படுத்துறது? உங்களை மட்டும் அலுமாரிக் கதவில ஒட்டியிருக்கிறன். விடிய எழும்பினா முதல் உங்கட முகந்தான்."

என் பின்னால் மனிதர் யாரும் நிற்கவில்லை. கப்பல்கள்தான் நின்றன.

"நல்லது செய்தாய் வசந்தி," என்றேன்.

போனை வைத்தபோது மகள் காதில் இருந்த வயரைக் கழற்றிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். "சித்தி என்ன சொன்னவ?" என்று கேட்டாள். படம் வடிவாம் என்று சொல்லிச் சமாளிக்கலாமா என்று யோசித்தேன். சமாளிக்கவில்லை. உள்ளதைச் சொன்னேன். அவள் எழும்பி அறைக்குள் போய்விட்டாள். போய்விட்டாள் என்றுதான் நினைத்தேன். சப்பாத்தும் கமராவுமாகத் திரும்பி வந்தாள்.

"வாங்கோ அம்மா. வெளிச்சம் போக முதல் சித்திக்கு வேறொண்டு எடுப்பம். வெட்டாமல் வச்சிருக்கக்கூடியதா."

அதே கரைக்குப் போனோம். காற்று முகத்தில் அடித்தது. அவள் தண்ணீர் ஓரமாகப் போய் நின்று கமராவை உயர்த்தினாள்.

"சுவரோட நில்லுங்கோ," என்றாள்.

பண்டகசாலைச் சுவரில் முதுகைச் சாய்த்தேன். கண்ணைச் சுருக்கிக்கொண்டு, அவளுக்குப் பின்னால் கிடந்த துறைமுகத்தைப் பார்த்தேன்.